பெயர் கண்டு பதறினர்!

"அண்ணாச்சி! இதுவரை எவரும் வைத்திராத பெயராக ஒன்று சொல்லுங்கள். ஆண் பிள்ளை!"

இப்படிக் கேட்டுக்கொண்டே வந்தார் நாகர்கோயிலைச் சேர்ந்த இளந்தோழர் ஒருவர். தந்தையாகிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. முகத்திலே பூரிப்பு, கையிலே ஒரு காகிதம். வாங்கிப் பார்த்தேன். சோதிடர் தந்த சீட்டு!

பிள்ளை பிறந்தது திருவாதிரை, மூன்றாம் பாதம். ஆகவே பெயர் 'ங' என்ற எழுத்திலே தொடங்கவேண்டுமாம்! விண்மீன் இருபத்தேழு, ஒவ்வொன்றுக்கும் பாதம் நான்கு, ஆக நூற்றெட்டு எழுத்து, அவற்றிலே ஒன்று 'ங'! தமிழ்நாட்டிலே எந்தத் தாய், எந்தக் காலத்திலே, 'ங'வென்று தொடங்கித் தன் மகனைச் சோறுண்ண அழைத்தாள்? சோதிடருக்கும் அது தெரியும். ஆகவே பரிகாரமும் அவரே சொல்லியிருந்தார். வேறெழுத்திலே வைக்கலாமாம், ஆனால் கூட்டுத்தொகை ஐந்து வரவேண்டுமாம். தமிழிலே எழுதினால் அந்தக் கணக்கு நிற்காது. ஆங்கிலத்திலே எழுதி, ஓர் எழுத்தை இரட்டித்துக் கூட்டினால் நிற்குமாம்! விண்மீன் சமஸ்கிருதம் பேசுகிறது, எண் ஆங்கிலம் பேசுகிறது, இடையிலே தமிழ்ப் பிள்ளை விழித்துக்கொண்டு கிடக்கிறது!

நான் சிரித்தேன். தோழர் சிரிக்கவில்லை. "எனக்கு இதிலே நம்பிக்கை இல்லை அண்ணாச்சி, வீட்டிலே கேட்கிறார்கள். அதுதான், அரிய பெயராக ஒன்று கிடைத்தால் எல்லார் வாயையும் அடைத்துவிடலாம்" என்றார்.

"அரிய பெயர் ஒன்று எனக்குத் தெரியும் தம்பி! உங்கள் ஊரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியிலேதான் அந்தப் பெயர் பிறந்தது. பிறந்த கையோடு அதன் கழுத்தை நெரித்தார்கள். அதனாலேயே அது அரிய பெயராயிற்று" என்றேன்.

அன்று அவரிடம் சொன்னதை இன்று உங்களிடம் சொல்கிறேன், தோழர்களே! வீட்டுக்கு வீடு பெயர் தேடும் படலம் நடக்கின்ற காலம் இது. பெயர் ஒன்றுக்காக ஓர் அரசு பதறிய கதையை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டாமா?

ஆண்டு 1809. நாஞ்சில் நாடு கொந்தளித்த ஆண்டு. வேலுத்தம்பி தளவாயின் எதிர்ப்பை முறியடிக்க வந்த ஆங்கிலேயப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைக் கைப்பற்றியது அந்த ஆண்டிலேதான். மயிலாடியிலே ரிங்கல்தௌபே பாதிரியார் சீர்திருத்தக் கிறித்தவர்க்கு ஆலயம் எழுப்பியதும் அந்த ஆண்டிலேதான். அதே 1809இல், இன்று சாமித்தோப்பு என்று வழங்கும் சிற்றூரிலே, பனையை நம்பி வாழ்ந்த சமூகத்தைச் சேர்ந்த பொன்னுமாடன் - வெயிலாள் இணையருக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. பெற்றவர்கள் ஆசையோடு ஒரு பெயரிட்டனர்: முடிசூடும் பெருமாள்!

அவ்வளவுதான். ஆதிக்கச் சாதியார் சீறினர். பனையேறி வீட்டுப் பிள்ளைக்கு முடியா? அவனுக்குப் பெருமாள் என்று பெயரா? மாற்று பெயரை! அழுத்தம் வந்தது, பெற்றோர் அடங்கினர், 'முடிசூடும் பெருமாள்' மறைந்தது, 'முத்துக்குட்டி' பிறந்தது. பின்னாளிலே வைகுண்டர் என்று இலட்சக்கணக்கான மக்கள் போற்றும் அந்த மனிதரின் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்ற செய்தி இது.

தொட்டிலிலே கிடந்தது குழந்தை. வாள் எடுக்கவில்லை, வரி மறுக்கவில்லை, கோவில் மதிலைத் தாண்டவில்லை. கண்ணைக்கூட முழுதாகத் திறந்திராது! அந்தக் குழந்தையைக் கண்டா அஞ்சினர்? இல்லை. அதன் பெயரைக் கண்டு அஞ்சினர். ஏன்?

பெயரைப் பிரித்துப் பாருங்கள். முடி என்றால் மகுடம். சூடும் என்றால் அணியும். அணிந்தான் என்ற பழங்கதையும் அன்று, அணிவான் என்ற வெறும் கனவும் அன்று. என்றும் அணிகின்ற என்று முக்காலத்துக்கும் பொருந்தி நிற்கும் சொல். பெருமாள் என்றால் திருமால் என்பர் பக்தர். ஆனால் சேர நாட்டு வழக்கிலே பெருமாள் என்பது மன்னனுக்கும் பெயர். சேரமான் பெருமாள் என்ற பெயரை அறியாதார் யார்?

இனித் திருவிதாங்கூர் அரண்மனைக்குள் எட்டிப் பாருங்கள். 1750இல் மார்த்தாண்டவர்மன் தன் நாட்டைப் பத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்து, 'பத்மநாபதாசன்' என்ற பெயரிலே ஆளத் தொடங்கினான். அன்று முதல் அரசுக்கு எதிராக மூச்சுவிட்டாலும் அது ஆண்டவனுக்கு எதிரான மூச்சு! அம்மட்டோ? இரணியகர்ப்பம் என்றொரு சடங்கு. பொன்னாலே பெரும் பாத்திரம் செய்து, அதிலே பஞ்சகவ்வியம் நிரப்பி, மன்னன் உள்ளே இறங்கி எழுவான். எழுந்ததும் மறுபிறப்பு எடுத்தவனாகக் கருதப்பட்டு முடி சூடுவான். 'குலசேகரப் பெருமாள்' என்று வாழ்த்துவர். பொன் பாத்திரம் உடைக்கப்பட்டுப் பார்ப்பனர்க்குத் தானமாகும்.

புரிகிறதா பதற்றத்தின் காரணம்? முடி சூடிப் பெருமாள் ஆவதற்கு மன்னனுக்கே இத்தனை பொன் வேண்டியிருந்தது. இத்தனை புரோகிதர் வேண்டியிருந்தது. காசு ஒன்றும் செலவில்லாமல், மந்திரம் ஏதும் முணுமுணுக்காமல், பனையோலைக் குடிசையிலே ஒரு தாய் தன் பிள்ளைக்கு அதே பட்டத்தைச் சூட்டிவிட்டாள்! அவள் அரசியல் எண்ணி வைத்தாளா, அன்பு எண்ணி வைத்தாளா, நமக்கு வேண்டாம். அரண்மனை பல நாள் சடங்கு நடத்தி உண்டாக்கிய மயக்கத்தை அந்த ஒரு சொல் கலைத்துவிட்டது. அந்த நாளிலே அரண்மனை விரும்பியவர்க்குப் பட்டப்பெயரை அள்ளி வழங்கியது. 'செண்பகராமன்' என்பது அப்படி வழங்கப்பட்ட பட்டமே. பட்டப்பெயர் அரண்மனையிலிருந்து இறங்கி வரலாம். குடிசையிலிருந்து ஏறிப் போகலாகாது! இதுதான் அவர்கள் கண்ட பெயரிலக்கணம்.

இந்த இலக்கணம் திருவிதாங்கூரார் தாமே வகுத்ததென்று எண்ணிவிடாதீர்கள். மூலநூல் இருக்கிறது. மனுதர்மம், இரண்டாம் அத்தியாயம், 31, 32ஆம் சுலோகங்களைப் புரட்டிப் பாருங்கள். பார்ப்பனன் பெயர் மங்கலம் குறிக்கவேண்டும். சத்திரியன் பெயர் வலிமை குறிக்கவேண்டும். வைசியன் பெயர் செல்வம் குறிக்கவேண்டும். சூத்திரன் பெயரோ இகழ்ச்சி குறிக்கவேண்டும்! பெயரின் பின்பகுதியிலே அவன் ஏவலன் என்பதும் தெரியவேண்டும். வருணத்துக்கும் வெளியே தள்ளப்பட்ட மக்களுக்கு? அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே அந்த ஏடு கருதவில்லை!

பிறந்து பதினொரு நாள் ஆன குழந்தையை இகழ்வதற்கு விதி எழுதிவைத்த நூல், உலகிலே வேறெந்த நாட்டில் புனிதநூலாகப் போற்றப்படுகிறது?

விதி ஏட்டோடு நிற்கவில்லை, நாவிலே ஏறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நெடுங்காலம் வாழ்ந்த சாமுவேல் மற்றீர் பாதிரியார் தாம் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். அடிமைச் சாதியான் 'நான்' என்று சொல்லலாகாது; 'அடியேன்' என்றே சொல்லவேண்டும். தான் உண்பதைச் 'சோறு' என்னலாகாது. அழுக்குக் கஞ்சி என்ற பொருளிலே சொல்லவேண்டும். தன் இருப்பிடத்தை வீடு என்னலாகாது. குடில் என்று தாழ்த்திக் கூறவேண்டும். தான் பெற்ற மக்களைப் பிள்ளைகள் என்னலாகாது. குரங்கு என்றோ கன்று என்றோ குறிக்கவேண்டும். சோறும் அவன் உழைத்து விளைத்தது; வீடும் அவன் கை கட்டியது; பிள்ளையும் அவன் பெற்றது. ஆனால் அவற்றின் பெயர்கள் மட்டும் அவனுக்கு உரிமையில்லை! தன்னைத்தான் 'நான்' என்று சொல்ல இயலாதவன் எதை எதிர்த்துக் கேட்பான்? 'அடியேன்' என்று தொடங்கும் வாக்கியம் 'வேண்டும்' என்று முடியுமா? 'வேண்டுகிறேன்' என்றுதானே முடியும்!

உடலின் மீதும் இதே ஆணைதான். குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன் நகை பூணலாகாது, மாடி வைத்து வீடு கட்டலாகாது. பெண்கள் குடத்தை இடுப்பிலே வைத்துச் சுமக்கலாகாது, மார்பை மறைக்கலாகாது! தோள்சீலை அணிந்த பெண்கள் மீது 1822 முதல் வன்முறை வெடித்தது. முப்பத்தேழு ஆண்டுகள் போராட்டம் நீண்டது. 1859 சூலையிலே அரச ஆணை வந்தது. மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்டிர் அணியும் முறையிலே அணியக்கூடாது என்ற வாலோடு வந்தது! துணியை ஒப்பவேண்டிய நிலை வந்தபோதும், துணியின் மடிப்பிலே சாதியைக் காப்பாற்றிக்கொண்டனர்.

ஆக, தோளிலே சீலை கூடாது, தலையிலே பாகை கூடாது, பெயரிலே முடி கூடாது என்ற மூன்றும் ஒரே சட்டத்தின் மூன்று பிரிவுகளே. 'உன்னை நீயே உயர்வாக எண்ணாதே!' என்பதுதான் அந்தச் சட்டம்.

'முத்துக்குட்டி மட்டும் அழகில்லாத பெயரா?' என்று சிலர் கேட்கலாம். அழகிய பெயர்தான்! முத்தும் இனிது, குட்டியும் இனிது. தென் மாவட்டங்களிலே இன்றும் அன்போடு வழங்கும் பெயர் அது. நம் வழக்கு பெயரின் அழகைப் பற்றியதன்று. அந்தப் பெயரைத் தேர்ந்தவர் யார் என்பதைப் பற்றியது. தாய் தேர்ந்தால் 'குட்டி' என்பது கொஞ்சல். அதிகாரம் தேர்ந்தால் அதே 'குட்டி', 'நீ என்றும் வளராதே' என்னும் கட்டளை!

ஆனால் குட்டி வளர்ந்தது.

1833க்குப் பின், துறவுகொண்ட அந்த இளைஞரின் சொல்லைக் கேட்கக் கூட்டம் கூடியது. 1836இல் சமத்துவ சமாசம் கண்டார் என்பர். சாமித்தோப்பிலே கிணறு ஒன்று வெட்டி, சாதி பாராது எல்லாரும் அதில் நீராடுங்கள் என்றார். முத்திரிக்கிணறு என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது அது. ஒரே பந்தியிலே உட்கார்ந்து உண்ணுங்கள் என்றார். கோழியும் ஆடும் பலியிடாதீர் என்றார். பூசாரி வேண்டா, உருவம் வேண்டா என்று, வழிபடும் இடத்திலே கண்ணாடி ஒன்றை நிறுத்திவைத்தார். வந்தவன் எதைக் கண்டான்? தன் முகத்தைக் கண்டான்! சுவாதித் திருநாள் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பிலே சிறைவைத்தது. சிறை மீண்டவர் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

இவை எல்லாவற்றினும் நான் வியப்பது ஒன்றைத்தான். தம்மிடம் வந்த ஆண்களிடம், 'தலைப்பாகை கட்டுங்கள்!' என்றார். தலையிலே சுமை மட்டுமே ஏறிய மக்கள் அவர்கள். மேல்சாதியான் எதிரே வந்தால் துண்டை அவிழ்த்துக் கக்கத்திலே இடுக்கிக்கொள்ளப் பழக்கப்பட்டவர்கள். அந்தத் தலைகளிலே பாகை ஏறியது. இன்றும் அவர் வழி நடப்போர் தலைப்பாகையோடுதான் வழிபடுகின்றனர்.

கவனித்தீர்களா தோழர்களே! தொட்டிலிலே அவரிடமிருந்து 'முடி'யைப் பறித்தார்கள். அவர் அதைத் தமக்கென்று திரும்பக் கேட்கவில்லை. ஊரிலுள்ள தலை ஒவ்வொன்றிலும் ஒரு முடியைக் கட்டிவிட்டார்! ஒரு குழந்தை முடிசூடும் பெருமாளாக இருப்பதைத் தடுத்தவர்கள், ஆயிரமாயிரம் முடிசூடும் பெருமாள்களைப் பார்க்கவேண்டியதாயிற்று. தடை செய்யப்பட்ட பெயர் இப்படியல்லவா பழிவாங்க வேண்டும்!

"நிறுத்துங்கள் ஐயா! அவரை அவதாரம் என்றல்லவா சொல்கிறார்கள்? கடலுக்குள் சென்று மீண்டார் என்றல்லவா பாடுகிறார்கள்? பகுத்தறிவாளருக்கு அங்கே என்ன வேலை?" என்று நம் இளைஞர் கேட்பது என் செவியிலே விழுகிறது. கேட்கத்தான் வேண்டும்.

அவதாரத்தை நாம் ஏற்கவில்லை. 1841இல் இயற்றப்பட்ட அகிலத்திரட்டு அம்மானை புராணமொழியிலே பேசுகிறது. புராணத்தை நாம் வரலாறாகக் கொள்ளவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மன்னன் கடவுளின் தாசன் என்று சொல்லி மக்களை மிதித்த நாட்டிலே, எழுத்தும் ஏடும் மறுக்கப்பட்ட ஒருவர், அந்த மொழியை அன்றி வேறெந்த மொழியிலே விடை சொல்லியிருக்க முடியும்? அவர் சொன்ன விடையை எடுத்துக்கொள்வோம். விடையைச் சுற்றியிருந்த உறையை அவிழ்த்துவிடுவோம். உறையைக் கண்டு விடையைத் தூக்கி எறிவது பகுத்தறிவாகாது, சோம்பலாகும்.

நம் சினம் வேறிடத்திலே பாயவேண்டும். சாதியில்லை என்று சொன்னவரை ஒரு சாதியின் சொத்தாக்கப் பார்க்கிறார்களே, அங்கே பாயட்டும்! சடங்கு வேண்டா என்றவர்க்குச் சடங்கு பெருக்குகிறார்களே, அங்கே பாயட்டும்! கண்ணாடி முன்னே நின்று தன் முகத்தை நிமிர்ந்து பாரென்றால், கண்ணாடியை மட்டும் கும்பிட்டுவிட்டு முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு போகிறவனை என்னென்பது? 'சாணார்' என்று இகழ்ந்து எழுதிய பெயரை நீக்கி, 'நாடார்' என்று எழுதச் சென்னை மாகாண அரசை 1921இல் இணங்கவைத்தது அம்மக்களின் பெருமுயற்சி. தன்மானத்துக்கான முயற்சி அது, பாராட்டுவோம். ஆனால் இகழ்ச்சிப் பெயரை மாற்றியவர் நோக்கம், இன்னொருவனை இகழ்வதற்கு ஒரு பெயர் தேடுவதா? ஏணியிலே ஏறியவன் ஏணியை உதைக்கலாகாது. ஏணியே தேவைப்படாத தரையை அமைக்கவேண்டும்.

நாஞ்சில் மண் பெயருக்காகப் போராடிய மண். இன்னும் சில சான்றுகளைப் பாருங்கள்.

மயிலாடியிலே, தாழ்த்தப்பட்ட சாம்பவர் சமூகத்திலே பிறந்தவர் மகராசன். பெயரோ மகராசன், வாழ்வோ தெருவின் ஓரத்திலே! வேதமாணிக்கம் என்ற பெயர் பெற்று ஊர் திரும்பினார். மயிலாடித் திருச்சபைக்கு அவரே வித்து. மதம் மாறியதால் சாதி மாயமாய் மறைந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும், பெயரைத் தேரும் உரிமை முதன்முறையாக அந்த மக்கள் கைக்கு வந்தபோது, இகழ்ச்சி ஒலிக்காத பெயரையே தேர்ந்தனர் என்பதை மறுக்க முடியுமா?

நட்டாலத்திலே பிறந்த நீலகண்டர், 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி மலையிலே கொல்லப்பட்டார். நூற்றாண்டுகளாக அவர் பெயரோடு 'பிள்ளை' ஒட்டியே வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்த முனைந்தபோது, 'சாதிப் பட்டத்தோடா புனிதராவது?' என்ற முறையீடு உரோமாபுரிக்கே சென்றது. வால் நீங்கியது. 2022 மே 15ஆம் நாள் வெறும் 'தேவசகாயம்' என்றே அறிவிக்கப்பட்டார். இறந்து இருநூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் சாதியிலிருந்து விடுதலை பெற்றார்! இருக்கிறவர்களுக்கு எப்போது, தோழர்களே?

1907இல் பூதப்பாண்டியிலே பிறந்த குழந்தைக்குக் குலதெய்வத்தின் பெயரால் சொரிமுத்து என்று பெயர். வளர்ந்து ஜீவானந்தம் ஆனார். தனித்தமிழ் ஆர்வத்திலே உயிரின்பன் ஆனார். மீண்டும் ஜீவானந்தம் என்ற பெயருக்கே திரும்பினார். அதுவும் அவர் உரிமை! பெயர் மாற்றியதிலும், மாற்றியதை மாற்றியதிலும் பிறர் ஆணை இல்லை. தன் அறிவே ஆணை. நாகர்கோயிலிலே பிறந்த மனோகரன், பெயரின் பின்னே சாதியை இழுத்துக்கொண்டு நடக்கவில்லை. முன்னே மண்ணை நிறுத்தி, நாஞ்சில் மனோகரன் ஆனார். நாஞ்சில் என்றால் கலப்பை. குலத்தைக் கழற்றிவிட்டுக் கலப்பையைச் சூடிக்கொண்ட பெயர்! இதனினும் சிறந்த முடி எது?

இவ்வகை மாற்றங்களுக்குப் பாதை அமைத்தது 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டிலே கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு. ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் தலைமையிலே கூடிய அந்த மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விட்டொழியுங்கள் என்று தீர்மானித்தது. அதற்கு முன்பே, 1927 இறுதியிலே, தம் ஏட்டிலிருந்தே 'நாயக்கர்' என்ற வாலை வெட்டியெறிந்திருந்தார் பெரியார். இந்தியாவின் பல பகுதிகளிலே பெயரைச் சொன்னதும் சாதியைச் சொன்னதாகிவிடும். தமிழ்நாட்டிலே பெயரைச் சொன்னால், பெயரை மட்டும் சொன்னதாகும். அரசு ஆணையால் வந்த பேறா இது? தாமே முன்வந்து வெட்டிக்கொண்ட தன்மானத்தால் வந்த பேறு!

உலகைச் சுற்றிப் பாருங்கள். ஒடுக்குவோன் எங்கும் பெயரிலேதான் கைவைக்கிறான். 1938இல் இட்லரின் ஆட்சி, யூத ஆண்கள் பெயரோடு 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் பெயரோடு 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. முதலிலே பெயரிலே முத்திரை, பிறகு சட்டையிலே முத்திரை, பிறகு கொலைக்கூடம். 1984 - 85 குளிர்காலத்திலே பல்கேரியா, தன் நாட்டுத் துருக்கிய மக்களின் பெயர்களைக் கட்டாயமாக மாற்றியது. 1989இல் இலட்சக்கணக்கானோர் வீடு வாசல் விட்டு வெளியேறினர். மறுபக்கம் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரைப் பாருங்கள். காசியஸ் கிளே என்பது அடிமைப் பெயர் என்று உதறி, 1964இல் முகம்மது அலி ஆனார். பழைய பெயராலேயே தம்மை அழைத்த எதிராளியை 1967இல் மேடையிலே குத்திக்கொண்டே, 'என் பெயர் என்ன?' என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாஞ்சில் நாட்டுத் தொட்டில் ஒன்று 1809இலேயே கேட்டிருக்கிறது. நமக்குத்தான் செவி கேட்கவில்லை!

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

இன்று பெயரை மாற்று என்று மிரட்ட அரண்மனை இல்லை. 1956 நவம்பர் முதல் நாளிலே குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பிறப்புப் பதிவேட்டிலே எந்தப் பெயரையும் எழுதலாம். குழந்தைக்குப் பெயர் முடிவாகாவிட்டால் பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. எதற்கு இத்தனை அவகாசம்? பெற்றோர் நன்றாக எண்ணிப் பார்க்கட்டும் என்றுதான். ஆனால் எண்ணுவது யார்? சோதிடர்! தடுப்பார் இருந்தபோது, அறியாமையிலே கிடந்த ஒரு தாய் 'முடிசூடும் பெருமாள்' என்று துணிந்து பெயரிட்டாள். தடுப்பார் எவருமில்லாத இன்று, பட்டம் பெற்ற பெற்றோர், என் பிள்ளைக்கு எந்த எழுத்திலே பெயர் வைக்கலாம் என்று கைகட்டி நிற்கின்றனர்! அன்று பறித்தார்கள், இன்று நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

'அரிய பெயர் வேண்டும்' என்கிறார்களே, அதிலே எனக்குக் குறையில்லை. ஆனால் எது அரிது? ஷகரமும் ஹகரமும் முட்டி மோதி, பாட்டியின் நாவிலே சிக்கி, பொருள் கேட்டால் தந்தையே விழிக்கும் பெயரா அரிது? வகுப்பிலே அதே ஓசையிலே நாலு பேர் இருக்கிறார்கள்! பொருள் தெரியாத பெயரைச் சுமப்பவன், மூடிய பெட்டியைச் சுமப்பவன். உள்ளே இருப்பது பொன்னா, கல்லா? அவனுக்கே தெரியாது.

இதனினும் கொடியது வாலின் மறுபிறப்பு. தாத்தா வெட்டி எறிந்த சாதிப் பட்டத்தைப் பேரன் தேடி எடுத்து, வண்டியிலே எழுதுகிறான், சுவரொட்டியிலே அச்சிடுகிறான், கையிலே வண்ணக் கயிறாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். விளையாட்டென்று விட்டுவிடலாமா? 2023 ஆகஸ்டிலே, நமக்கு அண்டையிலுள்ள நாங்குநேரியிலே, தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், உடன் பயின்ற பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 சூனிலே அறிக்கை தந்தது: பள்ளிகளின் பெயரிலுள்ள சாதியை நீக்குங்கள், மாணவர் கையிலே வண்ணக் கயிறு கூடாது என்றது. 2025 ஏப்ரலிலே, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழக முதல்வர் சட்டமன்றத்திலே அறிவித்தார். அச்சொல் இழிவின் குறியாகிவிட்டது என்பதே காரணம். ஊரின் பெயரிலே, தெருவின் பெயரிலே, பள்ளியின் பெயரிலே நஞ்சு இருக்கிறதென்று அரசே ஒப்புகிறது. ஆளின் பெயரிலே அதை ஏன் விட்டுவைக்கவேண்டும்?

'பெயரை மாற்றினால் பசி போகுமா?' என்று எள்ளுவோர் உண்டு. போகாது! திருவிதாங்கூரிலே 1855இல் அடிமை முறை ஒழிந்தது ஆணையாலே. 1936இல் கோவில் கதவு திறந்தது கிளர்ச்சியாலே. நிலத்துக்கும் கூலிக்கும் கல்விக்கும் தனித்தனிப் போராட்டங்கள் வேண்டும். ஆனால் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன்: பெயரால் ஒன்றும் ஆகாதென்றால், அன்று ஏன் பதறினார்கள்? அரசும் படையும் நிலமும் கோவிலும் கையிலே வைத்திருந்தவர்கள், ஒரு குடிசைப் பிள்ளையின் பெயர் என்னவானால் என்ன என்று விட்டிருக்கலாமே! விடவில்லை. நாள்தோறும் நூறு முறை முடிசூடும் பெருமாளே என்று அழைக்கப்பட்டு வளரும் பிள்ளை, ஒருநாள் தலையைத் தடவிப் பார்த்து, 'எங்கே என் முடி?' என்று கேட்டுவிடும் என்பதை அறிந்திருந்தார்கள். பெயரின் ஆற்றலைச் சுமந்தவனைவிடத் தடுத்தவன் நன்றாக அறிந்திருந்தான்!

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த இளந்தோழர் எழுந்தார். "அப்படியானால் முடிசூடும் பெருமாள் என்றே வைத்துவிடட்டுமா அண்ணாச்சி?" என்றார்.

"நான் சொன்னேன் என்பதற்காக வைத்தால், சோதிடருக்குப் பதில் நான் என்றாகிவிடும் தம்பி! நீயும் உன் துணைவியும் உட்கார்ந்து எண்ணுங்கள். மூன்றே மூன்று பாருங்கள். பிள்ளைக்குப் பொருள் சொல்ல உங்களால் முடியவேண்டும். அந்தப் பெயர் எவனுக்கும் கீழே அவனை நிறுத்தக்கூடாது. எவனுக்கும் மேலேயும் நிறுத்தக்கூடாது. பாட்டி வாய் நிறைய அழைக்க இயலவேண்டும். பிறகு எந்தப் பெயராயினும் அது முடி சூடிய பெயர்தான்" என்றேன்.

அவர் அந்தச் சீட்டை நாலாக மடித்துக் கிழித்தார். மறுநாள் மாலை தொலைபேசியிலே அழைத்துப் பெயரைச் சொன்னார். எளிய பெயர், தமிழ்ப் பெயர், பின்னே வாலில்லாத பெயர். பின்னணியிலே பாட்டியின் குரல் கேட்டது, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள்.

தோழர்களே! உங்கள் வீட்டுத் தொட்டிலிலே ஒரு பிள்ளை கிடக்கலாம். அல்லது நாளை கிடக்கும். பெயர்ச் சீட்டு நீட்ட வருபவனிடம், 1809இலே ஒரு தாயிடமிருந்து பறித்ததை நாங்கள் மீட்டுக்கொண்டோம் என்று சொல்லி அனுப்புங்கள். எங்கள் பிள்ளைக்கு நாங்கள் பெயரிடுவோம்!